தோட்டத்தில் பட்டமளிப்பு விருந்து: கீற்றா, துணியா, தகரமா, வானமா?

பிள்ளை பட்டம் வாங்கியாயிற்று. காரைக்குடியிலேயே படித்ததோ, சென்னையில் படித்ததோ, கடல் கடந்து படித்ததோ, விருந்து செட்டிநாட்டில், நம்ம ஊரில்தான் என்று அப்பச்சி (அப்பா) சொல்லிவிட்டார். மண்டபமும் வேண்டாம், இவ்வளவு பெரிய வீடு பூட்டிக் கிடக்கிறது, பின்னால் தோட்டம் சும்மா கிடக்கிறது, அங்கேயே வைப்போம் என்று முடிவாகிவிட்டது. அதற்கடுத்த கேள்வியில்தான் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். ஆச்சிக்குக் கீற்றுக் கொட்டகை போட்டால்தான் விசேஷம். மாமா மழையை நினைத்துத் தகரம் என்பார். பட்டம் வாங்கிய பிள்ளைக்கு மேலே ஒன்றுமே வேண்டாம், சரவிளக்கு போதும். வாடகைக் கடைக்காரர் இரண்டு சாமியானாவைக் கட்டிவிட்டுப் போகிறேன் என்று வாசலில் நிற்பார்.

நாலுமே நடக்கிற காரியம்தான். எது உங்கள் தோட்டத்துக்கு, எந்த மாதத்துக்கு என்பதுதான் விஷயம். கணக்குக்கு வசதியாக 150 பேர், மாலை விருந்து, இலை போட்டுப் பந்தி என்று இங்கே வைத்துக்கொள்கிறோம். உங்கள் எண்ணிக்கை வேறானால் அந்த விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

மாதமும் மணியும். சித்திரை, வைகாசியில் பகல் வெயில் கொல்லும். அக்னி நட்சத்திர நாட்களில் சாயங்காலம் திடீரென்று கறுத்து இடிமழையும் கொட்டும். ஆனி, ஆடியில் மழை குறைவு, மேலைக்காற்று அதிகம். ஆவணி, புரட்டாசியில் பகலெல்லாம் புழுங்கிவிட்டு இருட்டுகிற நேரத்துக்கு இடிமழை வருவது இந்தப் பக்கத்து வழக்கம். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். தோட்டத்து யோசனையையே விட்டுவிடலாம். நான்கு வழிகளும் பிரிவது இங்கேதான்: வெயிலுக்கு நல்லது காற்றுக்கு ஆகாது, காற்றுக்கு நிற்பது வெயிலில் வேகும்.

பந்தியா, நின்று சாப்பிடுவதா. கூரையின் அளவை ஆள் எண்ணிக்கையைவிட இதுதான் தீர்மானிக்கும். 18 அடிக்கு 36 அடி இடத்தில் நீளவாக்கில் மூன்று வரிசை போடலாம்: ஒன்றரை அடி மேசை, நாற்காலிக்கு இரண்டடி, பரிமாறுகிறவர் நடக்க இரண்டரை அடி, ஆக வரிசைக்கு ஆறடி. ஓர் ஆளுக்கு இரண்டடி என்றால் நடைவழி நாலடி போக வரிசைக்கு 16 பேர், ஒரு பந்திக்கு 48 பேர். மூன்று பந்தியில் விருந்தாளிகள் முடிந்துவிடுவார்கள். வீட்டார் கடைசியில் உட்காரலாம். இலை எடுத்துத் துடைத்து மறு இலை போட ஒரு பந்திக்கு 40 நிமிஷம். ஏழு மணிக்கு முதல் இலை விழுந்தால் ஒன்பதுக்கு முடியும். இதையே பஃபே ஆக்கினால் 150 பேரும் ஒரே நேரத்தில் தட்டோடு நிற்பார்கள். ஆளுக்கு எட்டுச் சதுர அடி என்றாலும் 1,200 சதுர அடி கூரை வேண்டும். பஃபே சிக்கனம் என்று நினைப்பவர்கள் கூரை வாடகை இரட்டிப்பதைக் கவனிப்பதில்லை.

தரையும் தரைக்கு அடியில் இருப்பதும். குழி தோண்டலாமா, முளை அடிக்கலாமா, ஒன்றுமே செய்யக் கூடாதா? செம்புறைப் பாறை ஓரடிக்குக் கீழே வந்துவிடுகிற மனைகள் இங்கே நிறைய உண்டு.

வண்டி வழி. இங்கத்து வீடுகள் பல, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டவை. கொட்டகைச் சாமான் பின்வாசலில் நேராக இறங்க முடிந்தால் ஏற்று இறக்குக் கூலி பாதியாகும். பின்வாசல் குறுகலாக இருந்து முகப்பு, வளவு (நடு முற்றம்), அதற்கடுத்த இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டி இரும்புக் குழாயைத் தூக்கி வந்தால் கூலி மட்டுமல்ல, நிலைக்கதவும் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லும் அடிவாங்கும்.

பங்காளிகள். பல பேருக்குப் பங்குள்ள வீடு என்றால் தோட்டமும் பொது. குழி தோண்டுவதும், கிளை வெட்டுவதும், பின்கட்டான மூணாங்கட்டில் அடுப்பு வைப்பதும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்ய வேண்டியவை. சொல்லாமல் செய்த ஒரு கொட்டகைக் குழி அடுத்த படைப்பு (முன்னோருக்குப் பங்காளிகள் கூடிப் படைக்கும் நாள்) வரைக்கும் பேச்சில் இருக்கும்.

## கூரை எதுவானாலும் முதலில் தரை

காசு எங்கே போக வேண்டும் என்று கேட்டால் கூரையை இரண்டாவதாகத்தான் சொல்வோம். கூரை சரியில்லாவிட்டால் கொஞ்சம் வேர்க்கும். தரை சரியில்லாவிட்டால் வயசான ஒருவர் விழுவார்.

விருந்துக்கு 15 நாள் முன்னால் புதர் வெட்டுங்கள். சீமைக்கருவேலை வெட்டியதும் முள்ளைக் கூட்டி அள்ளி வெளியே கொண்டுபோகவேண்டும். மண்ணில் கிடக்கும் ஒரு முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். நெருஞ்சி கண்ணுக்கே தெரியாது. பழைய சாக்கை நனைத்துத் தரையில் இழுத்தால் காயெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். செங்கல் குவியல், ஓட்டுக் குவியல், பழைய விறகு இருந்தால் கையால் எடுக்க வேண்டாம், கம்பால் புரட்டுங்கள். தேளும் கட்டுவிரியனும் இருக்கிற இடம் அதுதான்.

தென்னை இருந்தால் ஒரு வாரம் முன்பே ஆள் ஏற்றி முற்றிய காய், பழுத்த மட்டை, பாளை எல்லாம் இறக்கிவிடுங்கள். கிணற்றுக்கு இரும்பு வலை இல்லையென்றால் பலகை போட்டுக் கட்டி, அதன் மேல் யாரும் உட்காராதபடி சுற்றிப் பூந்தொட்டி வைக்கலாம். செப்டிக் டேங்க் மூடியைச் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். பழைய கடப்பாக்கல் மூடி ஓர் ஆளைத் தாங்கும். கொட்டகைக் காலையோ அண்டாவோடு நிற்கும் நாலு பேரையோ தாங்காது.

மேடு பள்ளத்துக்குக் கிராவல்தான் இங்கே கைவசம் உள்ளது. 18க்கு 36 என்பது 648 சதுர அடி. இரண்டு அங்குலம் பரப்ப 108 கன அடி, அதாவது ஏறக்குறைய ஒரு யூனிட் (100 கன அடி). பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, குறைந்தது நாலு நாள் காயவிடவேண்டும். மணல் கொட்டாதீர்கள். பார்க்க அழகு, பிளாஸ்டிக் நாற்காலிக் கால் புதைந்து பின்பக்கமாகச் சாயும். செம்மண் தூசி அடங்க முந்தின இரண்டு மாலையும் தெளித்தால் போதும். விருந்தன்று தெளித்தால் பட்டுப்புடவை ஓரமெல்லாம் சிவப்புக் கறை பிடிக்கும், அது லேசில் போகாது.

வாட்டம் 10 அடிக்கு ஓர் அங்குலமாவது வேண்டும், வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக. கூரைத் தண்ணீர் விழும் வரிசையில் அரையடி அகலத்தில் ஒரு வாய்க்கால் கீறிவிடுங்கள். கைகழுவும் தொட்டியும் இந்தத் தாழ்ந்த பக்கத்தில்தான் இருக்கவேண்டும். மேட்டில் வைத்தால் கடைசிப் பந்திக்காரர்கள் சகதியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

## கீற்றுக் கொட்டகை

வெயிலுக்கு இதை வெல்ல ஒன்றுமில்லை. பகல் பதினோரு மணிக்கும் கீழே உட்கார முடியும். தென்னங்கீற்று சூட்டை வாங்கிக் கீழே அனுப்பாது, இடுக்குகளில் காற்றும் போகும். புகைப்படத்திலும் இந்த வீடுகளோடு ஒத்துப்போவது இதுதான்.

சவுக்குக் கால் பத்தடிக்கு ஒன்று, ஒன்றரை முதல் இரண்டடி ஆழக் குழியில். மேலே மூங்கில் கைமரம், குறுக்கே வரிச்சு, அதன் மேல் முடைந்த கீற்று, தென்னங்கயிற்றுக் கட்டு. நிழலுக்கு மட்டும் என்றால் ஒரு கீற்றின் விளிம்பில் அடுத்தது ஏறினால் போதும், கூரையும் தட்டையாக இருக்கலாம். மழைக்கும் தாங்கவேண்டும் என்றால் பாதிக்கு மேல் ஏறவேண்டும், சரிவும் நன்றாக வேண்டும்: 20 அடி அகலக் கொட்டகையில் நடு முகடு ஓரத்தைவிட ஆறடி உயரமாவது இருக்கவேண்டும். கீற்றும் கூலியும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். விலை பேசும்போது ‘நிழல் கொட்டகையா, மழைக் கொட்டகையா’ என்று கேட்காத ஆள் நிழல் கொட்டகைதான் போடப்போகிறார். மழை வந்த பிறகு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது நாள்: போட இரண்டு நாள், பிரிக்க ஒரு நாள், மூன்று நாளும் கூலி, காப்பி, சாப்பாடு. இரண்டாவது, உள்பக்கம் வெள்ளைத் துணி கட்டும் செலவு. அது இல்லாவிட்டால் கீற்றுத் தூசியும் பூச்சியும் இலையில் விழும். மூன்றாவது, பிரித்த பிறகு கிடக்கும் கீற்றும் குழிகளும். அள்ளிக்கொண்டு போவதும் குழி மூடுவதும் பேச்சில் சேர்த்தியா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய கீற்று மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். உளுத்தது தூசி கொட்டும், தீப்பொறி பட்டால் பற்றும். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட பள்ளித் தீ, சமையலிடத்திலிருந்து கூரைக் கீற்றுக்கு ஏறியதுதான். கீற்றுப் போட்டால் அடுப்பு 50 அடியாவது தள்ளி இருக்கவேண்டும். பக்கத்தில் வாணம் கிடையாது, கொசுவுக்கு வேப்பிலைப் புகையும் கிடையாது. கால் ஒன்றுக்கு ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மண். இரண்டு பக்கம் முழுதாகத் திறந்திருக்கட்டும். அலங்காரத்துக்காக நாலு பக்கமும் தட்டி கட்டி ஒரே வாசல் விடுவது பெரிய தப்பு.

பகல் விருந்து, வெயில் மாதம், குழி தோண்ட ஏற்ற மண், கையில் ஒரு வாரம்: இந்த நாலும் சேர்ந்தால் கீற்றுத்தான். பாறைத் தரையிலும் சிமெண்டு முற்றத்திலும் இது வேலைக்கு ஆகாது.

## சாமியானா

காலையில் வந்து இரண்டு மணி நேரத்தில் கட்டிவிட்டுப் போவார்கள், செலவு குறைவு. அந்த இரண்டு காரணத்துக்காகவே பாதி வீடுகளில் இதுதான் நிற்கிறது. நிழல் சுமார், பல வண்ணத் துணி போட்டால் சாப்பாட்டின் நிறமும் முகத்தின் நிறமும் மாறித் தெரியும். படம் முக்கியம் என்றால் வெள்ளை அல்லது சந்தன நிறத் துணி கேளுங்கள்.

துணியின் அளவும் அதற்கு வேண்டிய இடமும் ஒன்றல்ல. கம்பத்திலிருந்து கயிறு சரிந்து வந்து முளையில் கட்டப்பட ஒவ்வொரு பக்கமும் ஆறடி வேண்டும். ஆகவே 18க்கு 36 சாமியானாவுக்கு 30க்கு 48 அடி வெற்றிடம் தேவை. இதைக் கவனிக்காமல் மதிலை ஒட்டிக் கட்டும்போதுதான் கயிற்றை வீட்டுத் தூணிலும் மாடிக் கைப்பிடியிலும் கொண்டுபோய் முடிவார்கள். தேக்குத் தூணில் கயிறு உராய்ந்த வடு மெழுகு போட்டாலும் மறையாது. பழைய சுதை வேலை இழுப்புக்குப் பெயர்ந்து வரும். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் ஆணி அடிக்கவும் விடாதீர்கள், ஓர் ஆணிக்கு ஒரு கையகலம் உதிரும். கட்டுகிறவர்கள் வருமுன்பே ‘வீட்டில் ஒரு கயிறும் படக்கூடாது’ என்று சொல்லிவிடுவது நல்லது.

முளை இரண்டடி இரும்பாக இருக்கவேண்டும், தலை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கவேண்டும். செம்புறைத் தரையில் சுத்தியலால் அடித்தால் முளை வளையும். கடப்பாரையால் துளை போட்டு இறக்கவேண்டும். முளையே இறங்காத இடத்தில் 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பிக் கட்டலாம், ஒன்று 200 கிலோ நிற்கும். மழை பெய்து மண் இளகிவிட்டால் நேற்று உறுதியாக நின்ற முளை இன்று கையோடு வரும். விருந்தன்று மாலை நாலு மணிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஆட்டிப் பாருங்கள்.

மழையில் துணி நனைவதைவிட ஆபத்து, தண்ணீர் தேங்குவது. நடுவில் பத்தடிக்குப் பத்தடி தொய்ந்து சராசரி இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றால் 470 லிட்டர் ஆகிறது. கிட்டத்தட்ட அரை டன் உங்கள் பந்தியின் தலைக்கு மேல். கீழிருந்து கம்பால் குத்தித் தள்ளுவார்கள். அந்தத் தண்ணீர் ஒரே வீச்சாக ஒரு பக்கம் இறங்கி அந்தப் பக்கக் கம்பத்தைச் சாய்க்கும். தூறல் விழுந்ததுமே ஒரு ஓரக் கம்பத்தைத் தாழ்த்தி வழிவிட ஓர் ஆளை நிறுத்தவேண்டும். மேலே தார்பாய் போட்டுத் தருகிறேன் என்றால் காற்றில் இழுப்பு இன்னும் கூடும் என்று நினைவிருக்கட்டும்.

ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, சாமியானா பறக்கும். ஆனி, ஆடியில் இதை எடுக்கவே வேண்டாம். மாசி, பங்குனியில், காலை பலகாரத்தோடு முடியும் சின்ன விருந்துக்கு இதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை.

## தகரக் கொட்டகை

இரும்புக் குழாய்க் கால், அடியில் தட்டு, மேலே நெளித் தகரம். குழி தோண்டவேண்டாம் என்பதால் பாறையிலும் சிமெண்டிலும் நிற்கும். மழைக்கு இது ஒன்றுதான் முழு நம்பிக்கை.

ஒரே பக்கச் சரிவு போதும். 20 அடி அகலத்துக்கு இரண்டடி தாழ்வு. உயர்ந்த பக்கம் 12 அடி, தாழ்ந்த பக்கம் 10 அடி கேளுங்கள். எட்டடியில் போட்டால் சாமான் மிச்சம், கீழே அடுப்பு மாதிரி வேகும். தகரத்துக்கு மேல் தகரம் சரிவு வாக்கில் அரையடி ஏறவேண்டும். கொக்கியும் நட்டும் போட்டு இறுக்கவேண்டும், கம்பி முறுக்கிக் கட்டுவது போதாது. மேலைக்காற்று திறந்த பக்கத்தால் உள்ளே புகுந்து கூரையை மேல்நோக்கித் தூக்கும். அதனால் மூலைக் கால்களில் மண் மூட்டை அல்லது தண்ணீர் டிரம் கட்டாயம். கால் நகராதிருக்க மூலைக்கு மூலை குறுக்குக் குழாய் போட்டிருக்கிறார்களா என்று நிமிர்ந்து பார்ப்பது ஒரு நிமிஷ வேலை.

குறைகள்: பகலில் வேகும், உள்ளே துணி கட்டினாலும் ஓரளவுதான் தணியும். நல்ல மழையில் சத்தம் பேச்சை அமுக்கிவிடும். பிள்ளையைப் பற்றி நாலு வார்த்தை பேச எழுந்தவர் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். பார்வைக்கும் லேசில் அழகாகாது, துணியும் பூவும் செலவைக் கூட்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்வார்கள். அதில் வண்டி வாடகை, உள்துணி, மறுநாள் வாடகை சேர்ந்ததா என்று தனித்தனியாகக் கேளுங்கள். முகூர்த்த நாள் அடுத்து வந்தால் அன்றிரவே பிரிக்க வந்து நிற்பார்கள். விருந்தாளி இருக்கும்போதே தகரம் இறங்கும் சத்தம் கேட்கும்.

கரண்டு விஷயத்தில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். ஒயர் ஒன்று உராய்ந்து ஒரு காலில் பட்டால் கொட்டகை முழுக்க மின்சாரம் ஏறும். வீட்டு இணைப்பிலிருந்து எடுக்கும் வழியில் 30 மில்லி ஆம்பியரில் விழும் இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் கருவி) இருக்கவேண்டும், கொட்டகைக் காலுக்குத் தனி எர்த் கம்பி வேண்டும். பின்தெருவில் குழாயை நிமிர்த்தும்போது மேலே மின்கம்பி போகிறதா என்று யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்கவேண்டும்.

ஆவணி, புரட்டாசி மாலைகளுக்கும், தோண்ட முடியாத தரைக்கும் தகரம்.

## வானமே கூரை

பிள்ளைகள் கேட்பது இதைத்தான், மாலை ஆறரைக்கு மேல் என்றால் அவர்கள் கேட்பதில் நியாயமும் உண்டு. ஆனி, ஆடியில் பகல் காற்று தணிந்த பிறகு திறந்த தோட்டத்தைவிடச் சுகமான இடம் கிடையாது. கூரைச் செலவு இல்லை, போட்டுப் பிரிக்கும் நாளில்லை.

மிச்சமான காசு முழுதும் கைக்கு வராது. வெளிச்சம் தொங்கவிட கூரை இல்லாததால் அதற்கென்று கால் நடவேண்டும். 15 அடிக்கு ஒரு சவுக்குக் கால், பத்தடி உயரத்தில் சரவிளக்கு, சாப்பாட்டு வரிசைக்கு மேல் தனியாகப் பிரகாசமான விளக்கு. மங்கல் வெளிச்சத்தில் மீன் முள் பார்த்து எப்படிச் சாப்பிடுவது? முதல் மழை விழுந்த நாட்களில் ஈசல் வேறு கிளம்பும். கொல்லைக் கோடியில் கண்ணைக் கூசும் வெள்ளை விளக்கு ஒன்றைப் போட்டு, பந்தி மேல் மஞ்சள் விளக்கு வைத்தால் பெரும்பகுதி அங்கே போய்விடும்.

பெரிய கேள்வி: மழை வந்தால் 150 பேர் எங்கே போவார்கள்? இதற்கு விடை உள்ள வீடுகள் செட்டிநாட்டில்தான் உண்டு. வளவைச் சுற்றிய பத்தி (தாழ்வாரம்), பட்டாலை (கூடம்), இரண்டாங்கட்டு எல்லாம் சேர்த்தால் பழைய வீடு அத்தனை பேரையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் ‘மழை வந்தால் உள்ளே போகலாம்’ என்று வாயால் சொன்னால் போதாது. விருந்தன்று காலையே உள்ளே ஒரு பந்திக்குப் பாய் எடுத்து வைத்திருக்கவேண்டும். வளவின் தண்ணீர்த் தூம்பு அடைபடாமல் இருக்கிறதா என்று ஒரு குடம் ஊற்றிப் பாருங்கள். பல நாள் பூட்டிய வீட்டில் அங்கேதான் இலைச் சருகு அடைத்திருக்கும். ஆத்தங்குடிக் கல் சிமெண்டுக் கல். புளியும் எலுமிச்சையும் ரசமும் சிந்தி நின்றால் மெருகு போய் வெளுத்துவிடும். இலைக்கு அடியில் பாயோ தாளோ விரிக்கவேண்டும், சிந்தியதை உடனே துடைக்க ஓர் ஆள் வேண்டும். செல்லோ டேப் ஒட்டி விரிப்பைப் பிடிக்கவைக்காதீர்கள், பிய்க்கும்போது கறை நிற்கும்.

இடி கேட்டதுமே உள்ளே போய்விடவேண்டும், மழைத்துளிக்குக் காத்திருக்கக் கூடாது. இது சாமியானாவின் இரும்புக் கம்பத்தடியில் நிற்பவர்களுக்கும் சேர்த்துச் சொன்னது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கீற்று | சாமியானா | தகரம் | வானம் |
|---|---|---|---|---|
| பகல் வெயில் | மிக நன்று | சுமார் | வேகும் | முடியாது |
| மழை | சரிவும் அடர்த்தியும் இருந்தால் தாங்கும் | தாங்காது | தாங்கும் | வீடு கைகொடுக்கவேண்டும் |
| ஆடிக் காற்று | கட்டு நன்றானால் நிற்கும் | ஆகாது | பாரம் கட்டினால் நிற்கும் | கவலையில்லை |
| பாறை, சிமெண்டுத் தரை | ஆகாது | டிரம் கட்டி | நன்று | நன்று |
| போட, பிரிக்க | 3 நாள் | அரை நாள் | ஒன்றரை நாள் | விளக்குக்கு அரை நாள் |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | உள்துணி, குப்பை, குழி | கூடுதல் இடம், கண்காணிக்க ஆள் | வண்டி, அலங்காரம் | விளக்குக் கால், உள்ளே மாற்று ஏற்பாடு |
| பெரிய ஆபத்து | தீ | தேங்கும் தண்ணீர் | மின்சாரம் | திடீர் மழை |

## எங்கள் கட்சி

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. 150 பேர் மாலை விருந்துக்கு எங்கள் பரிந்துரை கலப்பு: பந்திக்கு மட்டும் 20க்கு 40 தகரம், உட்கார்ந்து பேசவும் படம் எடுக்கவும் திறந்தவெளி. மழை வந்தாலும் சாப்பாடு நிற்காது. கூரைக்கு வெளியே இருப்பவர்களை மட்டும் வீடு வாங்கிக்கொண்டால் போதும். வெயில் மாதத்துப் பகல் விருந்தானால் அதே கணக்கில் தகரத்தை எடுத்துவிட்டுக் கீற்றை வையுங்கள். பஃபேதான் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால் வயசானவர்களுக்கு இருபது நாற்காலியும் மேசையும் தனியாகக் கூரைக்குள் போடுங்கள்.

விலை பேசுவதில் ஒரு சௌகரியம் உண்டு. பட்டமளிப்பு விருந்துக்கு முகூர்த்தம் பார்க்கவேண்டியதில்லை. ஆடியிலும், முகூர்த்தமில்லாத வார நாட்களிலும் கொட்டகைக்காரரும் சமையல் மாஸ்டரும் கையோய்ந்திருப்பார்கள். சாமானும் நல்லதாக வரும், விலையும் இறங்கும். வைகாசி முகூர்த்த நாளில் போய் நின்றால் கல்யாண வீட்டுக்குப் போக மிஞ்சிய ஓட்டைத் தகரம்தான் உங்களுக்கு.

## அடுப்பும் கரண்டும்

அடுப்பு காற்றுக்குக் கீழ்ப்பக்கம் இருக்கவேண்டும். மேலைக்காற்று மாதங்களில் பொதுவாகத் தோட்டத்தின் கிழக்கு ஓரம். ஆனால் மதில், மரம், வீடு எல்லாம் காற்றைத் திருப்பும். ஒரு வாரம் முன்னால் அதே மாலை நேரத்தில் ஒரு குச்சியில் துணித்துண்டைக் கட்டி நட்டுப் பாருங்கள், துணி எந்தப் பக்கம் படபடக்கிறதோ அங்கே அடுப்பு. வெள்ளைப் பணியாரமும் மசாலாச் சீயமும் சுடச்சுட இலைக்கு வரவேண்டியவை. அவற்றுக்கு மட்டும் ஒரு சின்ன அடுப்பைப் பந்திக்கு 20 அடியில் வைக்கலாம், மேலே கீற்று இல்லையென்றால். கேஸ் என்றால் 19 கிலோ வணிக சிலிண்டர். சிலிண்டருக்கு வெயில் படாமல், அடுப்பிலிருந்து ஆறடியாவது தள்ளி, நிமிர்த்தி.

கரண்டுக் கணக்கு எளிது. நிற்கும் ஃபேன் எட்டு, ஒன்றுக்கு 130 வாட்ஸ் என்றால் ஆயிரத்துச் சொச்சம். 50 வாட்ஸ் விளக்கு பத்து, ஐந்நூறு. மைக் செட் ஆயிரம். மொத்தம் இரண்டரை கிலோவாட், 5 கேவிஏ ஜெனரேட்டர் தாராளம். கிரைண்டரையும் அதில் மாட்டினால் அது கிளம்பும் நேரத்தில் விளக்கெல்லாம் மங்கும். அரைக்கிறதை மதியமே வீட்டுக் கரண்டில் முடித்துவிடச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் புகைபோக்கி வீட்டுப் பக்கம் பார்க்கக் கூடாது, முகப்புக்குள்ளும் பத்திக்குள்ளும் வைக்கவே கூடாது. ஒலிபெருக்கி இரவு பத்து மணிக்கு நிற்கவேண்டும் என்பது விதி. காவல் நிலையத்தில் முன்கூட்டி அனுமதி வாங்கிவிடுங்கள்.

பிள்ளை அங்கியும் தொப்பியுமாக நிற்கும் ஃப்ளெக்ஸைத் தோட்டத்தில் மேற்கு பார்த்து வைக்காதீர்கள். ஐந்து மணி வெயில் முகத்தில் அடித்து எல்லாப் படத்திலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்பார்கள். வடக்கு பார்த்து வைத்தால் ஆறு மணிவரை நல்ல வெளிச்சம். பத்தடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸ் 80 சதுர அடிக் கப்பல் பாய் மாதிரி காற்றை வாங்கும். பின்னால் மூன்று முட்டுக்கால் வேண்டும்.

கொட்டகை பிரித்த அன்றே தோட்டத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். குழி ஒவ்வொன்றிலும் மண் போட்டு, தண்ணீர் ஊற்றி, மறுபடி மண் போட்டு மிதிக்கவேண்டும். ஒரே தடவை தள்ளி மூடிய குழி முதல் மழையில் அரையடி உள்வாங்கும். துண்டுக் கம்பி, நட்டு, ஆணி பொறுக்க ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தால் போதும். ஓட்டின் மேல் யாராவது ஏறினார்களா என்று கொட்டகைக்காரர் கணக்கு முடிக்கும் முன் நாட்டோட்டுச் சரிவை அண்ணாந்து பாருங்கள். உடைந்த ஓடு ஐப்பசியில்தான் ஒழுகும், அப்போது அவர் வேறு ஊரில் இருப்பார்.